மட்கார்டில் இருந்த நெளிசல்

நான் ஒரு மடையன். இதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தன்னடக்கம் உள்ளவன் நான் செய்த வேலையைச் செய்திருக்க மாட்டான். தன்பாட்டுக்கு நெளிந்து கிடந்த ஒரு தகரத்தை, யாரும் கேட்காமல், என் கையாலேயே தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, பச்சைப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கினேன். அதோடு ஒரே வீட்டில் குடியிருக்கிற என் தம்பி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். மடையர்களில் சோம்பேறி மடையன் தேவலை, அவனால் ஊருக்குச் சேதம் இல்லை. நான் சுறுசுறுப்பான மடையன்.

தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை, சித்தப்பா மகன். எங்கள் ஐயா, அதாவது நாங்கள் அப்பச்சி என்கிற அப்பாவைப் பெற்றவர், கட்டிய வீட்டில் கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அவனுக்கு. நடுவில் ஒரு கதவு. நான் சென்னையில் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களின் வண்டி நெளிசலுக்குக் காகிதத்தில் விலை போட்டுவிட்டு, ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவன். அவன் ஊரைவிட்டு எங்கும் போகாதவன். கல்லலில் உரக்கடை வைத்திருக்கிறான். அதிகம் பேசமாட்டான். அவன் பேச வேண்டியதையும் சேர்த்து நான் பேசிக்கொண்டிருந்ததால் அது யாருக்கும் குறையாகத் தெரிந்ததில்லை.

பேச்சு நின்ற நேரம்தான் மோசம். படைப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. படைப்பு என்றால் எங்கள் பக்கம், மறைந்தவர்களுக்குப் புதுத்துணி வைத்து, இலைபோட்டுப் படைத்து, பங்காளிகள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. எங்கள் படைப்பு வீடு திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அங்கே சித்தப்பாவின் பங்குக்கு வேட்டி வைக்க வேண்டியவன் அவன் ஒருவன்தான். நான் வைக்க முடியாது, வேறு யாரும் வைக்க முடியாது. அவன் வராவிட்டால் அத்தனை பேர் பெயருக்கும் துணி இருக்கும், சித்தப்பா பெயருக்கு இருக்காது. அவன் வரமாட்டான் என்றுதான் மேற்குப் பாதியிலிருந்து செய்தி கசிந்தது. காரணம் ஒரு மட்கார்டு.

எங்கள் வீட்டில் பொது என்று சில இடங்கள் உண்டு. முகப்பு பொது, கிணறு பொது, பின்பக்கத்துக் கொட்டகை பொது. பொது என்றால் எல்லோருக்கும் உரியது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். யாரும் தொடக்கூடாதது என்று பொருள். முகப்பில் பல்பு ஃபியூஸ் போனால் மாதக்கணக்கில் இருட்டாகக் கிடக்கும். வாங்கிப் போட்டவன் வெளிச்சத்தில் தனக்கு ஒரு பங்கு கூடுதல் என்று சொல்லிவிடுவானோ என்று மற்றவனுக்குப் பயம். அப்படி நினைத்துவிடுவானோ என்று வாங்கப் போகிறவனுக்கும் பயம். எங்கள் கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கிற வீடுகளில் பாதி, சண்டையால் பூட்டியவை அல்ல என்பது என் கட்சி. இந்த மாதிரி மரியாதையால் பூட்டியவை.

அந்தக் கொட்டகையில்தான் ஜீப் நின்றது. ஐயா ராணுவ ஏலத்தில் எடுத்தது, ஃபோர் வீல் டிரைவ். கியர் தண்டுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டித் தண்டுகள் முளைத்திருக்கும். மழைக்காலத்தில் கண்மாய்க்கரைச் சேற்றில் மாட்டுவண்டியே மாட்டிக்கொள்ளும்போது, சித்தப்பா அதில் ஒன்றை இழுத்துவிட்டு அலுங்காமல் போவார். தோப்பு, வயல் எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டார், ஆகவே வண்டியும் அவர் கையில்தான். அவர் போனபிறகு யாரும் எடுக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது ஹாரனுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. ஏர் ஃபில்டரில் எலி குடும்பம் நடத்தி முடித்துக் காலிசெய்துவிட்டுப் போயிருந்தது. கால் வைக்கிற தகட்டில் துரு தின்ற ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. இடதுபக்க முன் மட்கார்டு மட்டும் துருவுக்கு முந்தியே அடிவாங்கியது. கனத்த ஆள் உட்கார்ந்து எழுந்த பிறகு மெத்தையில் இருக்குமே, அப்படி ஒரு பெரிய பள்ளம்.

அந்தப் பள்ளத்தின் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா ஒருநாள் கவனம் இல்லாமல் ஓட்டிக்கொண்டு போய் ஊருணிக்கரைக் கல்லில் மோதினார். ஐயா அவரைக் கல்யாணமான ஆள் என்றுகூடப் பார்க்காமல் முகப்பில் நிறுத்தி வைத்துத் திட்டினார், சாவியையும் பிடுங்கிக்கொண்டார். வெகுகாலம் சித்தப்பா தோப்புக்குச் சைக்கிளில் போனார். நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன். லீவுக்கு வந்தபோது கேள்விப்பட்ட இந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்டு, என் சொந்தச் சரக்கைச் சேர்த்து, வருஷா வருஷம் படைப்புப் பந்தியில் சொல்வேன். சித்தப்பா வண்டி வருகிற சத்தம் கேட்டாலே ஊருணிக்கல் தன்னை உள்ளே தள்ளி நட்டுவிடும்படி ஊர்ப் பெரியவர்களிடம் மனுக் கொடுக்கிறது என்பேன். பந்தியே சிரிக்கும். சித்தப்பாவும் சிரிப்பார். தம்பி குனிந்து ரசம் ஊற்றிக்கொண்டிருப்பான்.

வண்டியைச் சரிபண்ணலாமா என்று அவனிடம் கேட்டேன். பொதுச் சாமான், கேட்காமல் தொடமுடியாது. "செய்யுங்கண்ணே" என்றான். அந்தக் குரலில் எனக்கு ஆனந்தம் தெரிந்தது. எனக்கு எது வேண்டுமோ அதுதான் எப்போதும் என் காதில் விழும். என் கணக்கு இதுதான்: வண்டியைத் தயார்செய்து, அடுத்த படைப்புக்கு இரண்டு குடும்பமும் அதிலேயே போவது. தம்பி ஓட்டவேண்டும், அவன் அப்பச்சி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கல் கதையைச் சொல்லிக்கொண்டே போகவேண்டும்.

என்ஜினைக் காரைக்குடியிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் பார்த்துக்கொண்டார். துருவை நான் எடுத்துக்கொண்டேன், அல்லது அது என்னை எடுத்துக்கொண்டது. திருகாணிகளை வெல்லப்பாகில் ஊறவைத்தால் துரு தானாகக் கழன்றுவிடும் என்று போனில் ஒரு புண்ணியவான் காட்டினான். என் மனைவியின் சீர்ச் சாமானில் அவள் வீட்டு விலாச எழுத்து வெட்டிய எவர்சில்வர் அடுக்குப் பாத்திரம் ஒன்று உபயோகம் இல்லாமல் இருந்தது. உபயோகம் இல்லாமல் இருந்தது என்பது என் முடிவு. பாகு காய்ச்சி, திருகாணிகளைப் போட்டு மூடிவைத்தேன். துரு கழன்றதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஏனென்றால் எறும்பு முந்திக்கொண்டது. கொட்டகையிலிருந்து அடுப்படிவரை ஒரே சாரி. என் மனைவி அந்த அடுக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தாள். அதற்குப் பிறகு வந்த பலகாரத்தில் எனக்கு மட்டும் இனிப்பு குறைந்தது. கடைசியில் எல்லாரும் செய்கிறமாதிரி டீசலில்தான் ஊறவைத்தேன்.

தம்பி சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்தால் கொட்டகை வாசலில் கொஞ்சநேரம் நிற்பான். உள்ளே வரமாட்டான். நான் அன்றைக்குச் சுரண்டியதையெல்லாம் கொலுவைத்த மாதிரிக் காட்டுவேன். ஒருநாள் மட்கார்டைக் கையால் தட்டி, அடுத்து இதுதான் என்றேன்.

"அது அதுபாட்டுக்கு இருக்கட்டும்ணே. மத்ததப் பாருங்க" என்றான்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் சாப்பிடுகிறவர் போதும் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். இலைமேல் கையை மறைத்தால் கையை விலக்கிவிட்டு வைப்பார்கள். வேண்டாம் என்று சொல்வது விருந்தாளியின் மரியாதை, வைத்துவிடுவது வீட்டுக்காரரின் மரியாதை. சொன்னதும் நிறுத்திக்கொள்கிறவரைப் பற்றிக் கைகழுவுகிற இடத்தில் பேச்சு வரும். பந்தியில் கரண்டியோடு வளர்ந்தவன் நான். அண்ணன் வெயிலில் கிடந்து கஷ்டப்படுகிறானே என்று தம்பி இலையை மறைக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல பிள்ளை என்று என் மனைவியிடம் சொன்னேன்.

இன்னொரு நாளும் சொன்னான். "அந்த இடது பக்கம் வேணாம்ணே." இரண்டாவது தடவை வேண்டாம் என்றால் எங்கள் ஊரில் இன்னொரு கரண்டி என்று அர்த்தம்.

அவன் சரக்கு எடுக்க மதுரைக்குப் போன நாளாகப் பார்த்தேன். மட்கார்டைக் கழற்றி மணல்மூட்டைமேல் கவிழ்த்துப் போட்டேன். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் உள்பக்கத்திலிருந்து பொத்துப் பொத்தென்று அடித்தேன். பெரிய அடி அடிக்கக்கூடாது, ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வரவேண்டும். அதை மட்டும் நான் சரியாகச் செய்தேன். என் வாழ்க்கையிலேயே கையால் செய்த ஒரு வேலை உருப்படியாக வந்தது அதுதான். தகரம் மெல்ல மெல்ல எழும்பி வந்தது. பட்டி பூசி, காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் அடித்தேன். மாட்டியபிறகு விரலால் தடவிப் பார்த்தேன். எந்த இடத்தில் பள்ளம் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

தம்பி வந்தான். கண்ணை மூடிக்கொண்டு வா என்று கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். அந்த வயதில் இரண்டு பேர் இப்படி நடந்துபோனதை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அவன் கண்ணைத் திறந்தான். நேராக இடதுபக்கம் போனான். மட்கார்டுமேல் கையை வைத்தான், மேலிருந்து கீழே, கீழேயிருந்து மேலே. பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை, தொடாதே என்றேன். கையை எடுத்து வேட்டியில் துடைத்தான். திரும்பி உள்ளே போனான். வாயடைத்துப் போய்விட்டான் பார் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

கொஞ்சநேரத்தில் நடுக்கதவில் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அந்தக் கதவுக்கு மேற்குப் பக்கத்திலும் தாழ்ப்பாள் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அவன் போவதும் வருவதும் முன்வாசல் வழியாக. எதிரில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடுவான். செருப்பு காலில்தான் இருக்கும். நான் ஜோக்கு அடித்துப் பார்த்தேன், கேட்காதவன் மாதிரிப் போனான். பெயிண்ட் நிறம் பிடிக்கவில்லையோ என்று யோசித்தேன். பொதுச் சாமானில் நான் கைவைத்ததைப் பங்கு கேட்கிற வேலையாக நினைத்துவிட்டானோ என்று யோசித்தேன். அவன் வீட்டுக் கொடியில் படைப்புக்கு எடுத்த வேட்டி வழக்கப்படி நனைத்துக் காயப்போட்டிருக்கிறதா என்று மாடியிலிருந்து எட்டிப்பார்க்கிற அளவுக்குக் கேவலமாகிவிட்டேன். காணோம்.

கடைசியில் கிணற்றடியில்தான் விஷயம் வெளிவந்தது. தம்பி பெண்டாட்டி என் மனைவியிடம் வாளியை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அவளுக்கே முந்தினநாள்தான் தெரியுமாம். என் மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள். எப்போதும் நின்றுகொண்டே திட்டுகிறவள் உட்கார்ந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அந்த மட்கார்ட இடிச்சது உங்க சித்தப்பா இல்லையாம்" என்றாள். "உங்க தம்பியாம்."

அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயது. சித்தப்பா மத்தியானம் அசந்து தூங்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு தனியாக ஓட்டிப்போயிருக்கிறான். ஊருணிக்கரையில் திருப்பத் தெரியாமல் கல்லில் விட்டுவிட்டான். நெற்றியில் ரத்தத்தோடு அங்கேயே நின்றிருக்கிறான், வீட்டுக்கு வரப் பயந்து. சித்தப்பா தேடிக்கொண்டு வந்து பார்த்தார். அடிக்கவில்லை. துண்டைத் தண்ணீரில் நனைத்து நெற்றியைத் துடைத்துவிட்டு, வயல் வழியாக நடந்து வீட்டுக்குப் போ, கீழே விழுந்தேன் என்று சொல் என்று அனுப்பிவிட்டார். பிறகு தானே வண்டியை ஓட்டிவந்து, நான்தான் இடித்தேன் என்று ஐயா முன்னால் நின்றார். முகப்பில் வாங்கிய திட்டு முழுவதையும் அந்தப் பையன் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை, சாகும்வரைக்கும்.

எங்கள் சித்தப்பா பந்தியில்தான் சிரிப்பார். மகனிடம் மார்க்கு, வெயில், உரம், வட்டி தவிர வேறு எதையும் பேசி நான் பார்த்ததில்லை. தோளில் கைபோட்டதில்லை. தம்பி கொட்டகை வாசலில் வந்து நின்றது என் வேலையைப் பார்க்க அல்ல, அந்தப் பள்ளத்தைப் பார்க்க என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நீங்கதான் வருஷா வருஷம் பந்தியில சொல்லிச் சொல்லிச் சிரிப்பீகளே" என்றாள் என் மனைவி. திட்டுகிற குரலில் இல்லை.

ஒவ்வொரு பந்தியாக ஞாபகம் வந்தது. நான் கல்லைப் பேசவைத்தபோதெல்லாம் சித்தப்பா சிரித்தது எதற்காக என்று யோசித்தேன். சிரித்துக்கொண்டே அவர் மகன் பக்கம் ஒருதரமாவது பார்த்திருப்பாரா? நான் பார்த்ததில்லை, நான் கேட்கிறவர்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆள் போனபிறகும் நான் அந்தக் கதையை விடவில்லை. போன படைப்பிலும் சொன்னேன், அவருக்குப் படைத்த இலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

சுறுசுறுப்பான மடையனுக்குத் துக்கம் வந்தால் அப்போதும் ஏதாவது செய்தாக வேண்டும். மன்னிப்புக் கேட்கலாம் என்று முன்வாசல் வழியாகப் போனேன். அவர் படுத்திருக்கிறார் என்று தம்பி பெண்டாட்டி கதவிடுக்கில் சொன்னாள். உள்ளே டிவி ஓடியது. கடைக்குப் போன் போட்டேன், கட்டாகிவிட்டது. படைப்பு கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. நெளிசல் ஏற்பட்டது கல்லால். கல் அதே இடத்தில்தான் இருக்கிறது. வண்டியும் இப்போது ஓடுகிறது.

மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாவியை அந்த அடுக்குக்குள் போட்டு மூடியிருப்பாள்.

சாயங்காலம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஊருணிக்குப் போனேன். கல் கரைத்திருப்பத்தில் சாய்ந்து நின்றது, என் கதைகளில் வருகிற கல்லைவிட ரொம்பக் குட்டை. இடதுபக்க மட்கார்டை அதற்கு நேராக வைத்து மெல்ல விட்டேன். ஒரு சாண் இருக்கும்போது கால் தானாக பிரேக்கில் விழுந்தது. பின்னால் எடுத்து மறுபடி வந்தேன். மறுபடி கால். எத்தனையோ பேர் தெரியாமல் போய் இடித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்கள். தெரிந்தே இடிப்பது இத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, பாதையை விட்டுட்டு அங்குட்டு எங்கய்யா போறீக என்று கேட்டாள். வண்டியைச் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னேன். அவள் ஆடுகளைக் கொஞ்சம் தள்ளி ஓட்டிக்கொண்டாள்.

மூன்றாவது தடவைக்காகப் பின்னால் எடுத்து நிறுத்தியபோது கரைமேல் ஒரு ஸ்கூட்டர் நின்றது. தம்பி கடையிலிருந்து வருகிறான். காலிடுக்கில் உரமூட்டை.

ஸ்டாண்ட் போட்டுவிட்டு இறங்கி வந்தான். கல்லைப் பார்த்தான். வண்டி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்தான். டயர் தடம் கல்லுக்கு நேராகப் போய்ப் போய்த் திரும்பியிருந்தது.

"என்ன செய்யுறீக?"

"பழையபடி ஆக்கிறலாம்னு…"

நான் என்ஜினை நிறுத்தினேன். நிறுத்தியதும் இரண்டு பேருக்கும் நடுவில் ஒளிந்துகொள்ள ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டது.

"நீங்க இடிச்சா அது நீங்க இடிச்சதுண்ணே" என்றான்.

"எனக்குத் தெரியாதுடா."

"நான்தான் சொன்னேன்ல, வேணாம்னு. ரெண்டு வாட்டி சொன்னேன்."

"நீ மரியாதைக்குச் சொல்றன்னு நெனச்சேன்."

இதைக் கேட்டு அவன் சிரித்துவிடுவான் என்று எனக்குள் ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. அவன் மட்கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெயில் அதில் பட்டுக் கண் கூசியது. நான் அதை அவ்வளவு நன்றாகத் தேய்த்திருந்தேன்.

அவன் திரும்பி ஸ்கூட்டரிடம் போனான். நான் இறங்கிப் பின்னாலேயே போனேன். கரை ஏறும்போது செருப்பு வழுக்கியது. அவன் கை நீட்டவும் இல்லை, நான் ஏறிமுடிக்கும் முன்னே கிளம்பவும் இல்லை.

"சித்தப்பாவுக்கு வேட்டி நீதான்டா வைக்கணும்" என்றேன். "என்கிட்டப் பேசவேணாம். பந்தியில நான் வாயே தெறக்கமாட்டேன். வண்டிய நீயே எடுத்துக்க, உன் வீட்டு ஆளுக எல்லாம் அதுல வாங்க, நான் பின்னாடி மூலையில குந்திக்கிறேன். படைப்புக்கு மட்டும் வந்துர்றா."

அவன் உரமூட்டையைக் காலால் நகர்த்திச் சரியாக வைத்தான். கிக்கரை உதைத்தான். என்ஜின் பிடித்தபிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"வாரேன். பஸ்ல வாரேன்."